பிள்ளையார் நோன்பு: 21 நூலிழையும் உப்பு ஏலமும்

காரைக்குடியைச் சுற்றிச் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் நகரத்தார் ஊர்களில் மார்கழி மாதம் எடுக்கப்படும் விழா பிள்ளையார் நோன்பு. 'இழை எடுத்தல்' என்றும் இதைச் சொல்வர். ஆவணியில் வரும் விநாயகர் சதுர்த்தியிலிருந்து இது வேறானது.

திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து எண்ணினால் 21ஆம் நாள் நோன்பு. அன்று சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடிவரும். கணக்கு எளியது. கார்த்திகைப் பௌர்ணமிக்குப் பின் தேய்பிறை 15 நாள், வளர்பிறை 6 நாள், சேர்த்தால் சஷ்டி. நட்சத்திர வரிசையில் கார்த்திகை 3ஆவது, சதயம் 24ஆவது. இடைவெளி அதே 21. (திதியும் நட்சத்திரமும் சில ஆண்டுகளில் சற்று முன்பின்னாக நகரும்.)

இந்த எண்ணிக்கையைத்தான் நோன்பின் தோற்றக் கதையும் சொல்கிறது. கடல் வணிகம் செய்த நகரத்தாரின் கப்பல் புயலில் சிக்கியது. கார்த்திகைத் தீபத்திலிருந்து நாளுக்கு ஒரு நூலாக வேட்டியிலிருந்து உருவி நாள் கணக்கு வைத்தார்கள். கரை சேர்ந்தபோது கையில் 21 நூல் இருந்தது. அவற்றைத் திரியாக்கி, மாவில் பிடித்த பிள்ளையாரில் ஏற்றி வணங்கினார்கள் என்பது கதை. இதற்கு ஆவணச் சான்று தேடுவதில் பயனில்லை. ஆனால் பஞ்சாங்கம் கையில் இல்லாதவர்களும் நாளைத் தவறவிடாதிருக்க நூல் எண்ணுவது நல்ல வழிதான்.

இன்றும் புது வேட்டியிலிருந்து நூல் எடுத்து, 21 இழை சேர்த்து ஆளுக்கொரு திரி திரிக்கிறார்கள். பச்சரிசி மாவை வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்தால் இழைமாவு. அதைச் சிறு பிள்ளையாராகப் பிடித்து, நெய்யில் நனைத்த திரியைச் செருகி ஏற்றுவர். குடும்பத்தில் மூத்தவர் கொடுக்க, ஒவ்வொருவரும் சுடருடன் வாங்கி அப்படியே வாயில் போட்டுக்கொள்வர். நெருப்பைத் தின்னும் இந்த ஒரு கணம் போதும், குழந்தைகள் ஆண்டு முழுவதும் இந்த நாளை நினைத்துக்கொண்டிருக்க. பொரி வகைகளும் கருப்பட்டிப் பணியாரமும் உடன் உண்டு. பூசைக்கு ஆவாரம்பூ. செட்டிநாட்டு வறண்ட நிலத்தில் அது காசில்லாமல் கிடைக்கும்.

மாவுக்கும் நூலுக்கும் பெரிய செலவில்லை. செலவு வருவது பலர் கூடும்போது. மண்டபமும் சாப்பாடும் யார் பொறுப்பு? பர்மா, இலங்கை, மலாயா என்று தொழிலுக்குப் போய், பிறகு நகரங்களிலும் வெளிநாடுகளிலும் குடியேறிய நகரத்தார், ஒரே வீட்டில் கூட முடியாத நிலையில் சங்கங்கள் வழியாக நோன்பைப் பொதுவில் எடுக்கத் தொடங்கினர். அங்கே கைகொடுப்பது ஏலம். உப்பு, மஞ்சள், சர்க்கரை, கற்கண்டு போன்ற மங்கலப் பொருள்களை ஏலம் விடுவார்கள். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் உப்பு, சபையில் பல மடங்கு விலைக்குப் போகும். எடுத்தவருக்கு நல்லது என்பது நம்பிக்கை. விழாவுக்குப் பணம் சேர்கிறது என்பது நடைமுறை. கட்டாய வரி விதிக்காமல், வசதியுள்ளவர் போட்டியிட்டுக் கூடுதலாகத் தர வழிசெய்வதால், சிறு குடும்பங்கள் கூசாமல் குழந்தைகளோடு வந்து உட்காரலாம்.

அமெரிக்காவில் வளரும் நகரத்தார் பிள்ளைகளுக்கு அக்டோபர் 31 அன்று ஹாலோவீனும் வருகிறது. அதுவும் புலம்பெயர்ந்தோர் கொண்டுபோன விழாதான். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்கா போனதும் அங்கே மலிவாகக் கிடைத்த பூசணிக்கு மாறினார்கள். அந்தப் பூசணி விளக்கை எடுத்து வைத்து ஏழெட்டு வாரங்களில் இந்தப் பிள்ளைகள் மாவு விளக்கை வாயருகே கொண்டுபோய், ஊதி அணைக்கக்கூடாது என்று பாட்டியிடம் திட்டு வாங்குகிறார்கள்.