நேரு வீதியும் ஒரு கணக்கு நோட்டும்

சென்ற மாதம் நேரு வீதியில் ஒரு பழைய ஜவுளிக்கடையை மூடிவிட்டார்கள். வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: புதுச்சேரியில் கடைத்தெரு என்றால் நேரு வீதிதான். நடுவில் குபேர் அங்காடி, அதாவது பெரிய மார்க்கெட். என் சிறுவயதில் பெரியவர்கள் இதைத் துய்ப்ளெக்ஸ் வீதி என்றே சொல்வார்கள். கல்வே கல்லூரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் நாக்கிலும் அதுதான் வரும்.

"ஆன்லைன் வந்தது, கடைகள் போயின" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் வணிகவரித் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த கதை அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது.

இந்தத் தெருவை வளர்த்தது எல்லைக்கோடு. பிரிட்டிஷ் இந்தியாவோடு 1941இல் ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949இல் முடிவுக்கு வந்தது. அதன்பிறகு வெளிநாட்டுக் கைக்கடிகாரம், செண்ட், பேனா எல்லாம் இங்கே மலிவு. எல்லையில் சோதனைச் சாவடி. கடிகாரத்தை எங்கெங்கே ஒளித்துக் கொண்டுபோனார்கள் என்று அப்பா சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்ததும் அந்த வியாபாரம் அடங்கியது.

ஆனால் கோடு முழுதாக அழியவில்லை. விற்பனை வரி பல பொருள்களுக்குத் தமிழ்நாட்டைவிட இங்கே குறைவு. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து மிக்ஸி, டி.வி., ஃபிரிட்ஜ் வாங்கிப் போனார்கள். வந்தவர்கள் துணியும் எடுத்தார்கள், ஓட்டலில் சாப்பிட்டார்கள். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. எல்லா ஊருக்கும் ஒரே வரி. பிறகு எதற்குப் பஸ் ஏற வேண்டும்? சந்தேகம் இருப்பவர்கள் பெட்ரோல் பங்குகளையும் மதுக்கடைகளையும் பாருங்கள். அவை இரண்டும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே. அங்கே மட்டும் வெளியூர்க் கூட்டம் குறையவில்லை.

உள்ளூர்க் கூட்டத்தைத் தந்தவை மில்கள்: ரோடியர், சவானா, பாரதி. சம்பள நாளில் தெருவில் நடக்க இடம் இருக்காது. ரோடியர் என்று நாங்கள் சொன்ன ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தச் சம்பளக் கூட்டம் கரைந்துவிட்டது.

கடைக்காரர்கள் பேரில் குற்றமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். மதியம் ஒரு மணிக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஞாயிறு விடுமுறை. மூடிய கடைகளின் வாசலில்தான் காந்தி வீதியின் சண்டே மார்க்கெட் வளர்ந்தது. வேறு போக்கிடம் இல்லாத வரை நாமும் நாலு மணி வரை காத்திருந்தோம். இப்போது கடலூர் சாலையில் மால் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது.

இனி அந்த ஜவுளிக்கடை. என் அப்பா ரோடியர் மில்லில் ஃபிட்டர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்தக் கடையில் பற்று எழுதித் துணி எடுப்பார், மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டுவார். கையெழுத்து கிடையாது, வட்டி கிடையாது. நீளமான ஒரு சிவப்பு நோட்டில் அவர் பெயருக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான். 1972இல் அப்பா இறந்தபோது அதில் 84 ரூபாய் நின்றது. முதலாளி துக்கத்துக்கு வந்தார், கடனைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தோடு நேரே கடைக்குப் போனேன். பிரெஞ்சு படித்தவன் என்பதால் என்னை வேடிக்கையாக 'முசே' என்று கூப்பிடுவார். நோட்டைப் புரட்டிக் காட்டினார். அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டிருந்தது.

"உங்க அப்பா கணக்கு அவரோட முடிஞ்சுது முசே. அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக்கிட்டுப் போ. உன் பேர்ல புதுப் பக்கம் போடறேன்."

என் கல்யாணத்துக்கும் மகள் கல்யாணத்துக்கும் அங்கேதான் ஜவுளி எடுத்தோம். பிறகு மகள் போனில் வாங்கக் கற்றுக்கொடுத்தாள். விலை குறைவு, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம், முழங்கால் வலியோடு படியேற வேண்டாம். கடைசி எட்டு வருஷத்தில் அந்தக் கடைக்கு நான் ஒருமுறைகூடப் போகவில்லை.

மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி காலமாகிப் பல வருஷமாகிறது. அவர் மகன் காலி அலமாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, ரொம்ப நாளா ஆளையே காணோமே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, விசாரிப்பாகத்தான் கேட்டார்.

முழங்கால் வலி என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் நான் போட்டிருந்த சட்டை பார்சலில் வந்தது.