அளக்கும் கருவியை யார் அளப்பது?

சென்ற தவணை விடுமுறையில் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டரின் தண்டுக்கு ஒரு புஷ் தேவைப்பட்டது. மலிவாக வாங்கிய வேணியர் இடுக்கியால் தண்டை அளந்து, லேத் நானாவிடம் அளவைக் கொடுத்தோம். புஷ் லூஸாக வந்தது. நானாவைக் குறை சொன்னோம். "சேர், நீங்க தந்த அளவுக்குத்தான் கடைஞ்ச" என்றார். வீட்டுக்கு வந்து இடுக்கியின் தாடைகளை மூடிப் பார்த்தால், பூச்சியத்தில் நிற்க வேண்டியது 0.08 மில்லிமீற்றரில் நிற்கிறது! வகுப்பில் பிள்ளைகளுக்குப் 'பூச்சிய வழு' படிப்பிக்கிற நாங்களே அதைப் பார்க்கவில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா நகரில் அரச துவக்குத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே பரிசோதகராக இருந்தவர் கார்ல் எட்வர்ட் ஜொஹான்சன் (1864–1943). துவக்கின் ஒவ்வொரு பாகத்தின் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி அளவுக்கட்டை செய்ய வேண்டிய காலம் அது. 1894இல் ஜெர்மனியின் மௌசர் தொழிற்சாலைக்குப் போனபோதும் இதையே கண்டார். சில கட்டைகளைச் சேர்த்து வைத்தே எல்லா அளவையும் பெற முடியாதா என்று யோசித்தார்.

1896இல் விடை கிடைத்தது. மொத்தம் 102 எஃகுக் கட்டைகள். 1.01 முதல் 1.49 வரை 49, 0.5 முதல் 24.5 வரை 49, பிறகு 25, 50, 75, 100. உங்களுக்கு 37.28 மில்லிமீற்றர் வேண்டுமா? 1.28, 11, 25 ஆகிய மூன்றையும் சேர்த்தால் போதும். முகங்கள் அவ்வளவு மட்டமானவை என்பதால் ஒன்றோடொன்று தேய்த்து அழுத்தியதும் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஏறக்குறைய 20,000 அளவுகளைப் பெறலாம்.

அந்தக் கட்டைகளை அவர் தேய்த்து முடித்தது வீட்டில். மனைவியின் தையல் மெஷினைத்தான் அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். 1901இல் காப்புரிமை கிடைத்தது. 1923இல் அமெரிக்காவின் ஃபோர்ட் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

நம்மிடம் அந்தக் கட்டைகள் இல்லாவிட்டாலும் அவரது வழி இருக்கிறது: நிச்சயமான ஒன்றோடு ஒப்பிடுவது.

முதலில் தாடைகளைத் துடைத்து மூடி, வெளிச்சத்தில் பிடியுங்கள். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் அழுக்கோ, பிசிறோ, தேய்வோ இருக்கிறது. பூச்சிய வழுவைக் குறித்து வைத்து, கூடக் காட்டினால் வாசிப்பிலிருந்து கழியுங்கள், குறையக் காட்டினால் கூட்டுங்கள். பிறகு 6202 என்று அடித்த, நல்ல தயாரிப்பான புதிய பேரிங் ஒன்றை அளந்து பாருங்கள். உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35 மில்லிமீற்றர். இரண்டு அளவும் திருத்திய பின் சரியாக வந்தால் கருவியை நம்பலாம். வெயிலில் கிடந்த பொருளை அளக்க வேண்டாம், இரும்பு சூட்டில் விரியும்.

மூலைமட்டத்தைச் சோதிக்க வேறு கருவியே வேண்டாம். நேர் விளிம்புள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு கீறுங்கள். புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கீறுங்கள். இரண்டும் விலகினால், விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை.

மலிவான கருவி என்பதற்காக எறிய வேண்டியதில்லை. தன் பிழை என்னவென்று தெரிந்த கருவி நல்ல கருவிதான். எங்கள் இடுக்கியின் பெட்டியில் இப்போது '0.08 கழிக்கவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.

மறுநாள் நானாவிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். புதிய புஷ்ஷுக்குரிய காசையும் கொடுத்தோம். இந்த முறை அளந்தது அவர்.