புதுச்சேரித் துறையில் செஞ்சித் தூண்கள்

செஞ்சிப் பகுதியைச் சேர்ந்த தளவானூரில், பஞ்சபாண்டவ மலை என வழங்கும் குன்றின் தென்முகத்தில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் தன் பட்டப்பெயரால் குடைவித்த சத்ருமல்லேசுவராலயம் உள்ளது. அதன் முகப்புத் தூண்களின் மேலுள்ள மகரதோரணமும், அதாவது மகரம் என்னும் கற்பனை நீர்விலங்குகளின் வாயிலிருந்து எழும் அலங்கார வளைவும், இருபுறமும் நிற்கும் வாயிற்காவலர் உருவங்களும் தாய்ப்பாறையோடு ஒன்றியவை. ஆகவே அவற்றைக் கழற்றி வேறோர் ஊரில் நிறுத்த வழியில்லை. கல்லைத் தனித்தனியே செதுக்கிக் கட்டிய கோயில்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதற்குச் செஞ்சிக் கோட்டையின் வேங்கடரமணர் கோயிலே சான்று.

பதினாறாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் முத்தியாலு நாயக்கர் எழுப்பியதாகக் கருதப்படும் அக்கோயில், கீழ்க்கோட்டையில் புதுச்சேரி வாயில் எனப்படும் கிழக்கு வாயிலுக்கு அருகில் அமைந்துள்ளது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஒரே இரவுத் தாக்குதலில் கோட்டையைப் பிடித்ததும், 1761 வரை செஞ்சி புதுச்சேரியின் உள்நாட்டுக் காவல் அரணாயிற்று. கோயிலின் ஒரே கல்லாலான உயர்ந்த தூண்கள் பிரெஞ்சுக்காரரால் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்று செஞ்சி வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

புதுச்சேரியில் அத்தூண்கள் நிறுத்தப்பட்ட கடற்கரை, அன்று உலாவுவதற்கென ஒதுக்கிய இடமன்று. சரக்கு ஏறி இறங்கிய துறையாகும். புதுச்சேரியில் இயற்கைத் துறைமுகம் இல்லாமையால் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் கரையலையைக் கடந்து பொருள்களையும் ஆட்களையும் கொண்டுசென்றன. 1866இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் கட்டப்பட்ட பின் இவ்வேலை ஓரளவு எளிதாயிற்று. நீலச்சாயம் தோய்த்த துணி ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுச் சந்தையைக் கருதியும், மணிலா என்றும் மல்லாட்டை என்றும் தென்னார்க்காட்டார் கூறும் நிலக்கடலை மார்சேய் எண்ணெய் ஆலைகளைக் கருதியும் இத்துறையிலிருந்து ஏற்றுமதியாயின.

பாலம் எழுந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1870இல், அதன் கரைமுகப்பில் தூய்ப்ளேயின் சிலை திறக்கப்பட்டது. 1742 முதல் 1754 வரை புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த அவரைத் திருப்பி அழைத்து, 1763இல் வறுமையில் இறக்கவிட்ட பிரான்சே, நூறாண்டுக்கு மேல் கழிந்தபின் அவரைப் பேரரசு கண்ட வீரராக நிறுத்தியது. சிலை திறந்த அதே ஆண்டில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஆட்சி கவிழ்ந்தமை தற்செயலே ஆயினும் நகைப்புக்கு இடமானது. சிலையின் பீடம் செஞ்சியின் சிற்பக் கற்களால் அடுக்கப்பட்டது. சுற்றிலும் செஞ்சித் தூண்கள் நின்றன. கப்பலிலிருந்து இறங்குவோர் கண்ணில் முதலில் படவேண்டியவை வெற்றியின் அடையாளங்களாக ஆக்கப்பட்டன எனினும், அத்தூண்களைச் செதுக்கிய சிற்பிகள் வேங்கடரமணரின் மண்டபத்தை அன்றி எதையும் எண்ணியிருக்கமாட்டார்கள். பொதுவெளிக் கலை எனப்படுவதில் கணிசமானது இவ்வாறு இடம்பெயர்க்கப்பட்ட வழிபாட்டுக் கலையே என்பதை நகர வரலாறுகள் போதிய அளவு பேசுவதில்லை.

1952இல் வீசிய புயல் இரும்புப் பாலத்தை அழித்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதன்பின் தூய்ப்ளே அகற்றப்பட, 1960களில் எட்டுத் தூண்களின் நடுவே காந்தியின் சிலை எழுந்தது. ஆளும் அதிகாரம் மாறியபோது நடுவிலிருந்த உருவம் மாற்றப்பட்டதே தவிர, செஞ்சிக்குத் தூண்களைத் திருப்பி அனுப்புவது நடைபெறவில்லை. தூய்ப்ளேயின் வெண்கல உருவம் இன்று கடற்கரைச் சாலையின் தென்கோடியில், செஞ்சித் தூண்களின் துணையின்றி, வேறொரு பீடத்தில் நிற்கிறது.