மூளை டாக்டருக்கு மார்க்கெட்டிங்கில் என்ன வேலை?

பெங்களூரில் நான் குப்பை கொட்டும் ஆன்லைன் மார்க்கெட்டிங் தொழிலில், ஆலோசகரின் பெயருக்குப் பக்கத்தில் 'நரம்பியல்' என்று ஒரு வார்த்தை இருந்தால் ரேட்டே தனி. சோப்பு விற்க மூளை நிபுணர் எதற்கு, இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் படித்தேன். சுவாரசியமான கதைதான்.

ஆரம்பம் அமெரிக்காவில். ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் டாக்டர் பட்டம் வாங்கிய வால்டர் டில் ஸ்காட், 1903-லேயே விளம்பரத்தின் உளவியல் பற்றிப் புத்தகம் போட்டார். ஆனால் அவர் பல்கலைக்கழகத்தை விட்டுப் போகவில்லை. 1920-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் தலைவராகவே ஆகிவிட்டார்.

முழுசாகத் தாவியவர் ஜான் பி. வாட்சன். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேராசிரியர், நடத்தையியலின் பிதாமகர். ஆராய்ச்சியில் உதவிய மாணவியுடனான காதல் விவகாரம் வெடித்து, 1920-ல் வேலை போனது. ஜே. வால்டர் தாம்சன் விளம்பரக் கம்பெனி சேர்த்துக்கொண்டது. சேர்த்த கையோடு நாற்காலி போட்டு உட்கார வைக்கவில்லை. ரப்பர் பூட்ஸ் யார் வாங்குகிறார்கள் என்று ஊர் ஊராக விசாரிக்க அனுப்பினார்கள். மேசிஸ் கடை கவுண்டரில் நின்றார். 1924-ல் துணைத் தலைவர்! விலங்குகள் கற்கும் வேகத்தைக் காட்டும் வரைகோட்டைப் போலவே விற்பனை வரைகோடு ஏறுவதைப் பார்ப்பதிலும் த்ரில் இருக்கிறது என்று பிற்பாடு எழுதினார்.

அவர் செய்த ஒரு சோதனை: புகைப்பவர்களின் கண்ணைக் கட்டிவிட்டு சிகரெட் கொடுத்தார். தங்கள் பிராண்டையே அவர்களால் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது 2004-க்கு வாருங்கள். ரீட் மான்டேக் என்ற நரம்பியல் விஞ்ஞானியின் குழு, 67 பேருக்கு கோக்கும் பெப்சியும் கொடுத்துப் பார்த்தது. பெயர் சொல்லாமல் கொடுத்தபோது, எனக்குப் பிடித்தது இதுதான் என்று அவர்கள் சொன்னதற்கும் நாக்கு தேர்ந்தெடுத்ததற்கும் பெரிய சம்பந்தமில்லை. கோக் என்று காட்டிவிட்டுக் கொடுத்தால், ஞாபகத்தோடு தொடர்புள்ள பகுதிகள் ஸ்கேனில் விழித்துக்கொண்டன. வாட்சன் ஒரு துணியை வைத்துக்கொண்டு சொன்ன அதே ஊர்தான், மான்டேக் போனது எம்.ஆர்.ஐ. வண்டியில்!

ஆனால் மான்டேக்கின் முடிவு ஆராய்ச்சி இதழில் வந்தது. யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். கம்பெனிக்குள் போனதும் அந்த வசதி போய்விடுகிறது. 2005-ல் பெர்க்லியில் தொடங்கிய நியூரோஃபோகஸின் நிறுவனர் ஏ.கே. பிரதீப் பொறியியல்காரர், அறிவியல் ஆலோசகராக ராபர்ட் நைட் என்ற அசல் நரம்பியல் பேராசிரியர் இருந்தார். 2011-ல் நீல்சன் அதை வாங்கியது. அசல் ஆள்தான், சரி. ஆனால் கிளையன்ட் கைக்கு வரும் ரிப்போர்ட்டை வெளியிலிருந்து யார் சரிபார்ப்பது?

அதே 2011-ல், மார்க்கெட்டிங் பின்னணி கொண்ட மார்ட்டின் லிண்ட்ஸ்ட்ராம், மூளை ஸ்கேனைக் காட்டி, மக்கள் ஐபோனை நிஜமாகவே காதலிக்கிறார்கள் என்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார். 40-க்கும் மேற்பட்ட நரம்பியல் விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டு மறுத்தார்கள். அவர் காதல் என்று சொன்ன மூளைப் பகுதி, ஸ்கேன் ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்கு வரை ஏதாவது ஒரு காரணத்துக்காகத் தலைகாட்டுவது. பத்திரிகையில் வந்ததால் மாட்டியது. மீட்டிங் ரூமில் சொல்லியிருந்தால் கைதட்டல்தான் கிடைத்திருக்கும்.

சின்னதாகக் கடை வைத்து, கடன் வாங்கி விளம்பரம் செய்கிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். ஆலோசகர் என்ன படித்தார் என்று கேட்பது நல்லது. அவர் சொல்வது தப்பானால் தப்பென்று சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்பது அதைவிட நல்லது. வாட்சனையே முதலில் கவுண்டரில் நிற்கவைத்துத்தான் சேர்த்துக்கொண்டார்கள்.