கொல்லிமலைக் கைகள் – 6: உட்கார்ந்தபடி ஓர் அறுவை

1954 ஜனவரி. உல்லாசப் பயணம் கிளம்பிய வேலூர் மருத்துவர்களின் வண்டி கவிழ்ந்தது. இளம் மருத்துவர் மேரி வர்கீஸுக்கு முகமெல்லாம் காயம். முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தினோம்.

இனி அவரால் நிற்க முடியாது. நிற்க முடியாத மருத்துவர் அறுவை செய்வது எப்படி? வழி காட்டியவர் கொல்லிமலையில் பிறந்த ஒருவர்.

பால் பிராண்ட், 1914-ல் பிறந்தவர். அவருடைய தந்தை ஜெஸ்ஸி, மலைமக்களுக்கு மருந்தும் கொடுத்தார், தச்சுவேலையும் கற்றுக்கொடுத்தார். 1929-ல் காய்ச்சல் கண்டு மலையிலேயே ஜெஸ்ஸி இறந்தபோது, மகன் இங்கிலாந்தில் பள்ளி மாணவன். அந்த மகன் முதலில் பழகியது கட்டட வேலை. மருத்துவம் அதற்குப் பிறகுதான். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒருவரோடு கைகுலுக்கினார். அந்தப் பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது! அப்படியானால் எல்லாத் தசையும் சாகவில்லை. உயிரோடிருக்கும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலில் இணைத்தால் என்ன? இணைத்தார். விரல் நிமிர்ந்தது.

ஆனால், குணமாகி வெளியே போன சிலர் குறையோடு திரும்பி வந்தார்கள். நிமிர்ந்த கைக்குப் பிச்சை விழவில்லை. தொழுநோய் வந்தவருக்கு வேலை கொடுக்கவும் ஆளில்லை. சிகிச்சை முடிந்தும் வாழ்க்கை தொடங்கவில்லை என்பதை பிராண்ட் அன்று புரிந்துகொண்டார். நவஜீவ நிலையம் எழுந்தது. அங்கே தச்சுவேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். மலையில் அப்பா செய்ததை வேலூரில் மகன் செய்தார்.

மேரியிடமும் அவர் வெறும் ஆறுதல் சொல்லவில்லை, வேலையைத்தான் நீட்டினார். கை அறுவையை உட்கார்ந்தபடிதான் செய்வார்கள். தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்ய மேரியை அழைத்தார். சக்கர நாற்காலி அறுவை அரங்குக்குள் போனது. மடங்கிய விரல்களை மேரி நிமிர்த்தினார். பின்னாளில் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூரில் அவர் முயற்சியால் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. அந்த நிலையம் எழுந்த கதையைத் தனியே பார்ப்போம்.

ஏனென்றால், இப்போது நாம் அவசரமாகக் கொல்லிமலை ஏறியாக வேண்டும்.

அங்கே பாலின் தாய் ஈவ்லின் தனியே இருக்கிறார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விட்டு இறங்காதவர். 75 வயதில் ஒருநாள் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இரவு முழுவதும் வலியோடு தரையிலேயே கிடந்தார். காலையில்தான் ஒரு வேலையாள் கண்டார். கட்டிலில் கிடத்தி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினார்கள்.

முடங்கிப்போன மேரிக்கு வேலைக்கு வழிகாட்டிய அதே மகன், தன் தாயிடம் இனி ஓய்வெடுங்கள், மலை வேண்டாம் என்று கெஞ்சினார். இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நின்ற அந்தத் தாய் என்ன சொன்னார்?

பதிலை அடுத்த வாரம் அவரிடமே கேட்போம்.

(தொடரும்)