பூப்பந்தும் இறகுப்பந்தும்

கோம்பைப் பிள்ளைகள் "ஷட்டில் ஆடப் போறோம்" என்பார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிப் பட்டியலிலோ இறகுப்பந்து, பூப்பந்து என இரண்டு பெயர்கள் இருக்கும். பெயர் போலவே ஆட்டமும் இரண்டு.

ஆங்கிலத்தில் ஷட்டில் ஒரு நெசவுச் சொல். ஆண்டிபட்டி அருகே சக்கம்பட்டித் தறிகளில் ஊடை நூலோடு அங்குமிங்கும் ஓடுகிறதே நாடா, அதற்குத்தான் அந்தப் பெயர். மட்டைக்கு மட்டை ஓடுவதால் ஷட்டில். இறகு சூடியதால் சேவலைக் குறிக்கும் 'காக்' பின்னால் ஒட்டிக்கொண்டது. தமிழில் இறகுப்பந்து என்றாலும் அது உருண்டையான பந்தே அல்ல: ஒரு தக்கை, அதில் செருகிய 16 இறகுகள், எடை 4.74 முதல் 5.50 கிராம்.

இறகுப்பந்தின் ஆங்கிலப் பெயரான பாட்மின்டன், இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயரிலுள்ள போஃபோர்ட் கோமகனின் மாளிகைப் பெயர். ஆட்டம் வளர்ந்தது இந்தியாவில். பூனாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் இதை விரும்பி ஆடியதால் 'பூனா' என்றே முதலில் ஒரு பெயரும் இருந்தது. இங்கிலாந்தில் சங்கம் அமைந்தது 1893இல்.

இறகுக்குக் காற்று ஆகாது. கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக்காற்றில் திறந்தவெளியில் ஷட்டில் ஆடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றுக்கு ஈடுகொடுப்பது கம்பளி நூல் சுற்றிய மஞ்சள் பந்து. எடை 27 முதல் 30 கிராம். அதுதான் பூப்பந்து. 1856இல் தஞ்சை அரச குடும்பத்தார் ஆடத் தொடங்கியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இந்தியக் கூட்டமைப்பு 1954இல் உருவானது.

மெத்தென்று இருப்பதையும் கனமில்லாததையும் பூ என்பது நம் வழக்கம். கம்பளிப் பந்துக்கு அது பொருந்துகிறது. பூவின் முன் வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் தோன்றலாம் என்கிறது நன்னூல். பூம்பந்து என்றாலும் பிழையில்லை. ஆடுகளத்தில் நிலைத்தது பூப்பந்து.

விதிகளும் வேறு. இறகுப்பந்தில் பக்கத்துக்கு ஒருவர் அல்லது இருவர். 21 புள்ளி, மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றால் வெற்றி. சர்வீஸ் போடுபவரின் புள்ளி இரட்டைப்படையானால் வலப்பக்கம், ஒற்றைப்படையானால் இடப்பக்கம். வலையின் நடு உயரம் 1.524 மீட்டர். பூப்பந்தில் பக்கத்துக்கு ஐவர். களம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். இரண்டிலும் தரை தொட்டால் புள்ளி போயிற்று.

இலங்கைத் தமிழில் பாட்மின்டனையே பூப்பந்தாட்டம் என்பதுண்டு. அது அவர்கள் வழக்கு. ஆனால் தமிழ்நாட்டில் பூப்பந்து நம் மண்ணில் பிறந்த ஆட்டத்தின் பெயர். ஷட்டிலுக்கு இறகுப்பந்து என்ற பெயர் இருக்கும்போது, பூப்பந்து என்ற பெயரை எடுத்து அதற்குச் சூட்ட வேண்டாம்.