ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி: பழைய மடிக்கணினிகளுக்கு அடைபட்ட கதவின் கதை

மலையகம் என்றவுடன் நுவரெலியாவும் அட்டனும் நினைவுக்கு வரும் அளவுக்கு, இரத்தினபுரியும் கேகாலையும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானை என்று சப்ரகமுவ மாகாணத்தில் சிதறிக் கிடக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழர்கள், சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிறு சிறு தீவுகளாக இருக்கிறார்கள். தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ கற்பிக்கும் பாடசாலைகள் அங்கே மிகச் சில. அப்படிப்பட்ட ஓரிடத்தில் ஒரு பிள்ளையின் கைக்கு மடிக்கணினி வந்து சேர்கிறதென்றால், அது பெரும்பாலும் யாரோ பாவித்துக் கழித்த ஒன்றாகவே இருக்கும். 2022 இல் இலங்கை ரூபாயின் பெறுமதி சரிந்து, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களிலேயே 360 ரூபாயைத் தொட்ட பிறகு, புதிய கணினி என்பது தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இன்னும் எட்டாத பொருளாகிவிட்டது.

இந்தப் பழைய கணினிகளில் மாணவர்கள் எதிர்கொள்ளும் ஒரு குறிப்பிட்ட தடையைப் பற்றியே இக்கட்டுரை. வலையமைப்பு பற்றியோ லினக்ஸ் பற்றியோ கற்க முனையும் மாணவனிடம், 'மெய்நிகர் இயந்திரம் ஒன்றை நிறுவிக்கொள்' என்று பாடக் குறிப்புகள் சொல்கின்றன. இருக்கும் விண்டோசை அழிக்காமல், அதற்குள்ளேயே இன்னொரு முழுக் கணினியை மென்பொருளால் உருவாக்கிக்கொள்ளும் வழி அது. அந்தக் கணினியில் எதைக் கெடுத்தாலும் வீட்டுக்கே பொதுவான மடிக்கணினிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மென்பொருளை இயக்கியதும், 'உங்கள் செயலி இதனை ஆதரிக்கவில்லை' என்ற செய்தி வருகிறது. பழைய கணினிதானே, முடியாது போலும் என்று மாணவன் ஒதுங்கிவிடுகிறான்.

அந்த முடிவு பாதி உண்மை மட்டுமே. பல மடிக்கணினிகளில் இவ்வசதி இல்லாமற்போனதற்கு வயது காரணமன்று, விலைப்பட்டியலே காரணம். அதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மெய்நிகர் இயந்திரம் என்ற கருத்தே பற்றாக்குறையில் பிறந்தது. 1960களில் ஒரு பெருங்கணினியின் விலை கோடிக்கணக்கில் இருந்தது. அதை ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பயன்படுத்துவது கட்டுப்படியாகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீசி தலைமையிலான குழு, சிபி-40 என்ற அமைப்பை உருவாக்கி 1967 தொடக்கத்தில் இயக்கியது. ஒரே இயந்திரம் பல இயந்திரங்களாகத் தோற்றமளித்தது. ஒவ்வொரு பயனருக்கும் தனக்கென்று ஒரு முழுக் கணினி இருப்பதாகவே பட்டது. 1972 இல் ஐபிஎம் இதனை விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கு அறிவித்தது. ஒன்றைப் பலர் பகிர்ந்துகொள்வதற்கான நுட்பமாகவே இது பிறந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

1974 இல் ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பர்க் ஆகிய இருவரும் இதற்கான இலக்கணத்தை வகுத்தார்கள். உள்ளே ஓடும் விருந்தாளி இயங்குதளம், முழுக் கணினியையும் பாதிக்கக்கூடிய ஒரு கட்டளையை இட்டால், செயலி அதை உடனே தடுத்து, மேலே இருக்கும் கண்காணிப்பு மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்காரர் அறியாமல் விருந்தாளி மின்சாரத்தின் பிரதான ஆளியை அணைத்துவிடக் கூடாது என்பது போன்ற விதி இது.

நம் மேசைகளுக்கு வந்த இன்டெல் வகைச் செயலிகள் இந்த விதிக்கு அடங்கவில்லை. 2000 ஆம் ஆண்டில் ஜான் ராபின், சிந்தியா இர்வின் ஆகியோர் ஆராய்ந்து, பென்டியம் செயலியில் 17 கட்டளைகள் விதியை மீறுவதைப் பட்டியலிட்டனர். அவற்றுள் சிலவற்றை விருந்தாளி இட்டால், செயலி தடுப்பதும் இல்லை, நிறைவேற்றுவதும் இல்லை; ஓசையின்றி விட்டுவிடும். தன் கட்டளை நிறைவேறியது என்று நம்பி விருந்தாளி மேலே போய்க் குழம்பிவிடும்.

இருந்தும் வழி பிறந்தது. 1998 இல் டயான் கிரீன், மென்டல் ரோசன்பிளம் உள்ளிட்ட ஐவர் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், 1999 இல் தன் முதல் மென்பொருளை வெளியிட்டது. விருந்தாளியின் தொல்லை தரும் கட்டளைகளை ஓட்டத்தின்போதே கண்டறிந்து, பாதுகாப்பான வேறு கட்டளைகளாக மாற்றி எழுதும் மொழிபெயர்ப்பு முறை அது. செயலியிடம் எந்தச் சிறப்பு வசதியும் கேட்கவில்லை. சாதாரணக் கணினியிலேயே அது ஓடியது. 2007 இல் வெளிவந்த வெர்ச்சுவல்பாக்சும் இத்தகைய மென்பொருள் வழியைக் கொண்டிருந்தது. அதன் அடிப்படைப் பதிப்பின் மூலநிரலும் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆக, செயலியின் உதவி இல்லாமல் இது முடியாது என்பது வரலாற்றில் உண்மையாக இருந்ததில்லை.

செயலியின் உதவி வந்தது 2005 நவம்பரில். இன்டெல் நிறுவனம் பென்டியம் 4 வகையின் 662, 672 ஆகிய இரு செயலிகளில் விடி-எக்ஸ் என்ற வசதியைச் சேர்த்தது. 2006 இல் ஏஎம்டி நிறுவனம் ஏஎம்டி-வி என்ற பெயரில் அதற்கு நிகரான வசதியைத் தந்தது. இங்கேதான் கதை திசைமாறுகிறது.

2006 இல் மடிக்கணினிகளுக்காக வந்த கோர் டுவோ வரிசையில் டி2300 என்ற செயலியில் விடி-எக்ஸ் இருந்தது. அதே வேகமுடைய டி2300இ என்ற செயலியில் இல்லை. அடுத்து வந்த கோர் 2 டுவோ வரிசையில், விலை கூடிய டி7000 பிரிவில் வசதி இருந்தது. மலிவு மடிக்கணினிகளில் பரவலாகப் பொருத்தப்பட்ட டி5250, டி5450, டி5750 போன்றவற்றில் இல்லை. 2008 இல் குட்டி மடிக்கணினிகளை உலகெங்கும் கொண்டுசென்ற ஆட்டம் என்270 செயலியிலும் இல்லை. ஏஎம்டி இவ்விடயத்தில் சற்றுத் தாராளமாக இருந்தது. செம்ப்ரான் போன்ற சில மலிவு வகைகள் நீங்கலாகப் பெரும்பாலானவற்றில் வசதியைத் தந்தது.

இது பொறியியல் இயலாமையா, வியாபார முடிவா? 2009 இல் விடை கிடைத்தது. விண்டோஸ் 7 உடன் மைக்ரோசாப்ட் வழங்கிய எக்ஸ்பி பயன்முறைக்குச் செயலியின் இவ்வுதவி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டதும், தங்கள் கணினியில் அது இல்லை என்று கண்டவர்கள் முறையிட்டார்கள். இன்டெல் தன் மலிவு மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றை, அதே பெயரிலும் அதே எண்ணிலும், இவ்வசதியோடு மீண்டும் வெளியிட்டது. 2010 மார்ச்சில் மைக்ரோசாப்ட் தன் நிபந்தனையையே நீக்கியது. அடைத்தவர்களால் திறக்கவும் முடிந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னொரு பூட்டும் இருந்தது. செயலியில் வசதி இருந்தும், கணினியின் பயாஸ் அமைப்பில் அதை அணைத்தே விற்றார்கள். 2006 இல் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா என்ற பாதுகாப்பு ஆய்வாளர், இவ்வசதியைப் பயன்படுத்தியே ஒரு தீநிரல் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள முடியும் என்று செய்துகாட்டியிருந்தார். அந்த அச்சத்தைக் காட்டி சோனி நிறுவனம் தன் வயோ மடிக்கணினிகளில் இதை முடக்கி வைத்து, பயனர்களின் எதிர்ப்புக்குப் பின் சிலவற்றில் திறந்துவிட்டது.

அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்கு 1912 இல் ஒடுங்கிய தண்டவாளத்தில் இரயில் வந்தது. பேருந்துகளும் லொறிகளும் பெருகிய பின், 1970களில் அப்பாதை மூடப்பட்டது. வேறு வழி உள்ளவர்கள் அதன் இழப்பை உணர்வதில்லை. மென்பொருள் உலகிலும் அதுவே நடந்தது. புதிய செயலிகள் எல்லாவற்றிலும் வசதி வந்துவிட்டபின், பழைய மொழிபெயர்ப்பு வழியைப் பேணுவது வீண் சுமை என்று நிறுவனங்கள் கருதின. 2018 டிசம்பரில் வந்த வெர்ச்சுவல்பாக்ஸ் 6.0, 32 பிட் கணினிகளைக் கைவிட்டது. 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பு, மென்பொருள் வழியை முற்றாக நீக்கியது. அடுத்த மூன்று மாதங்களில் பெருந்தொற்றால் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டு, தோட்டத்துப் பிள்ளைகள் தொலைபேசிச் சமிக்ஞை தேடி மலையேறிய காலம் வந்தது. அலுமாரியில் கிடந்த பழைய கணினிகள் மீண்டும் மேசைக்கு வந்தபோது, அவற்றுக்கான பாதை எடுக்கப்பட்டுவிட்டிருந்தது. மென்பொருள் எழுதியவர்களை இதற்காகக் குறை சொல்ல நான் முனையவில்லை. பழையதைப் பேணவும் ஆள்பலம் வேண்டும். ஆனால் ஒரு முடிவின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்வது நம் தொழில்.

பழைய மடிக்கணினியோடு இருப்பவர் செய்யக்கூடியவை சில உண்டு. முதலில் பயாசுக்குள் சென்று, மெய்நிகராக்க வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதை இயக்கி, கணினியை முழுமையாக நிறுத்திய பின்னரே மீண்டும் தொடங்க வேண்டும். வெறும் மறுதொடக்கம் சில கணினிகளில் போதாது. செயலியிலேயே வசதி இல்லையென்றால், வெர்ச்சுவல்பாக்சின் 6.0 பதிப்போ, 32 பிட் கணினிக்கு 5.2 பதிப்போ இன்னும் ஓடும். அதில் 32 பிட் விருந்தாளியை, ஒரே ஒரு செயலியோடு மட்டுமே இயக்கலாம். இவ்விரு பதிப்புகளுக்கும் 2020 ஜூலையோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன; ஆகவே விருந்தாளியை இணையத்தோடு இணைக்காமல் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது. பேப்ரிஸ் பெல்லார்ட் 2003 இல் வெளியிட்ட கியூஎமு என்ற மென்பொருள், செயலியின் உதவி எதையும் கேட்காமல் முழுக் கணினியையும் நிரலாலேயே நடித்துக் காட்டும். மிக மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். கட்டளைத்திரை மட்டுமுள்ள சிறு லினக்சைக் கற்க அது போதும். லினக்சையே நேரடியாக நிறுவ முடிந்தவர்களுக்கு, கொள்கலன்கள் என்ற முறை இருக்கிறது. ஒரே கருவகத்தின் மேல் தனித்தனி வலையமைப்புகளை அமைத்துப் பழக, விடி-எக்ஸ் தேவையே இல்லை.

இனிச் சொல்ல வேண்டியது, கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இன் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத மடிக்கணினிகளை உலகெங்கும் நிறுவனங்கள் கழிக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் செயலிகளில் மெய்நிகராக்க வசதி உண்டு. தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு அவற்றை அனுப்பும் எண்ணம் உங்களுக்கு இருக்குமானால், பெட்டியில் அடைக்குமுன் மூன்று காரியங்கள் செய்யுங்கள். நிறுவனம் வைத்த பயாஸ் கடவுச்சொல்லை நீக்குங்கள். அது இருந்தால் பயாசை அங்கே யாராலும் மாற்ற முடியாது. மெய்நிகராக்க வசதியை இயக்கிவிடுங்கள். நினைவகம் 4 ஜிபி மட்டும் இருந்தால், முடிந்தவரை 8 ஆக்குங்கள்.

கடவுச்சொல் நீக்கப்பட்ட ஒரு மடிக்கணினி, தெரணியகலையில் ஒரு வகுப்பறைக்கு மூன்று நான்கு கணினிகளாகப் பயன்படும். நீக்கப்படாதது ஒன்றாகவே இருக்கும்.